இரவு இரண்டு மணிக்கு கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “நர்சிங் மூன்றாம் செமஸ்டர். அடுத்த மாதம் வார்டு போஸ்டிங். சட்டம், தொழில் நெறி, நோயாளிப் பராமரிப்பு என்று மூன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். எல்லாவற்றையும் பட்டியலாக மனப்பாடம் பண்ணிவிட்டேன். வார்டுக்குள் போனால் இதில் எது உண்மையில் வேண்டும்? எங்கே மாட்டிக்கொள்வோம்?”

நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. இருபது வருடத்துக்கு மேல் வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வார்டில் நின்றிருக்கிறேன், கொஞ்ச காலம் பாடமும் நடத்தியிருக்கிறேன். அந்த மூன்றும் தனித்தனி என்பது பரீட்சைக்கு மட்டும்தான். வார்டில் மூன்றும் ஒரே இடத்தில், கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதும் ஒரு வரியில், வந்து நிற்கும். எப்படி என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நைட் டியூட்டி. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பைக்கிலிருந்து வரப்பில் சரிந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நெற்றியில் காயம். பக்கத்தில் போனாலே கள் வாடை. டாக்டர் தையல் போட்டுவிட்டு, “தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்” என்று அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். நான் எழுதினேன்: ‘நோயாளி குடிபோதையில் உறங்குகிறார்.’ இரண்டு மணிக்கு ரவுண்டு வந்த சீனியர் சிஸ்டர் அதைப் படித்தார். “போதைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே நோயாளியின் கழுத்தில் கை வைத்தார். மார்கழிக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 38. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏறி முடிவதற்குள் கண் திறந்து, பைக் சாவி எங்கே என்று கேட்டார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், கள் குடித்திருக்கிறார். அத்தோடு விட முடியாது. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்பதால் விடியும்வரை மணிக்கொரு தரம் குத்திப் பார்த்தோம்.

அந்த ஒரு வரியில் நான் செய்த தப்பு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை பார்க்கவில்லை. தலையில் அடிபட்டவரின் கண்மணி இரண்டும் சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. குடிகாரர் என்று மனதுக்குள் முத்திரை குத்தியதால்தான் இரண்டையும் பார்க்கவில்லை. அவர் இறந்திருந்தால் என் கையெழுத்தோடு அந்த வரி கோர்ட்டில் வாசிக்கப்பட்டிருக்கும். என்ன எழுதியிருக்க வேண்டும்? ‘மூச்சில் கள் வாடை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, நகத்தை அழுத்தினால் கையை இழுக்கிறார். கண்மணி சமம், வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது. உடல் வியர்த்திருக்கிறது. நாடி 112, மூச்சு 22. டாக்டருக்கு 11.40-க்குத் தெரிவிக்கப்பட்டது.’ இப்படி எழுத உட்கார்ந்திருந்தாலே, ஏன் வியர்க்கிறது என்ற கேள்வி வந்திருக்கும்.

மூச்சைப் பற்றி ஒன்று. எந்த வார்டின் சார்ட்டை வேண்டுமானாலும் புரட்டுங்கள், முப்பது கட்டிலிலும் மூச்சு 18, இல்லாவிட்டால் 20. முப்பது பேரும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறார்களாம்! யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் விஷயம். ஆனால் ஒருவரின் உடல்நிலை சரியத் தொடங்கும்போது பிரஷர் இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சுதான் ஏறும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணாமல் 20 என்று போடுவது சின்னப் பொய் மாதிரித்தான் தெரியும். செய்யாததைச் செய்ததாக எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைக்கு மூச்சு, நாளைக்கு கொடுக்காத மருந்துக்கு டிக்.

இப்போது பாஷை. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தமிழ்க்காரர் “மயக்கமா வருது” என்றால் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று அர்த்தம். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம், அரைத் தூக்கம். கோட்டயத்திலிருந்து வந்த சிஸ்டர் அதைக் கேட்டு, தூக்கக் கலக்கம் என்றே எழுதிவிட்டுப் போவார். பிரஷர் இறங்கிக் கிடப்பவர் அசதியில் தூங்குபவராகிவிடுவார். நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதிவிட்டு, எழுந்து உட்காரும்போதா, படுத்திருக்கும்போதா, கண் இருட்டுகிறதா என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பாஷையும் தெரிந்த பிள்ளைகள் வார்டில் எவ்வளவு உபயோகம் என்று போனதும் தெரியும்.

சம்மதப் படிவத்திலும் இதே பாஷைச் சிக்கல்தான். படிவம் மலையாளத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில். நோயாளி தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி. பைஸ்டாண்டராக, அதாவது கூடத் துணைக்கு, வந்த பேரன் “சும்மா கைநாட்டு வைங்க பாட்டி” என்பான். அது சம்மதம் ஆகாது. என்ன ஆபரேஷன், எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று அவருக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை. நீங்கள் மொழிபெயர்க்கலாம். அப்படிச் செய்தால் ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்று படிவத்திலேயே எழுதி, விளக்கியவர் யார் என்றும் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்து போடுகிறவர், நோயாளி தானே கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்கிறார், அவ்வளவுதான். விளக்கும் பொறுப்பு அதனால் உங்கள் தலைக்கு வந்துவிடாது. ஆனால் பாட்டி உங்களிடம், “எனக்கு என்ன அறுக்கப் போறாங்க கண்ணு?” என்று கேட்டால், அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். அப்போது சமாதானம் சொல்லித் தியேட்டருக்கு அனுப்பாதீர்கள். டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள், கூப்பிட்டதை எழுதுங்கள்.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கை இதற்காகவே நினைவில் வையுங்கள். 44 வயதுப் பெண். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பரிசோதிக்கச் சம்மதித்தார். மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே நின்ற அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அறிவுள்ள, வயதுவந்த நோயாளிக்கு அம்மாவின் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்கான சம்மதமும் ஆகாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் கணவர், மாமியார், அண்ணன் எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயாராக நிற்பார்கள். கட்டிலில் இருப்பவர் நினைவோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், டாக்டர் சொன்னதைக் கேள்வி கேட்கலாமா என்ற பயம். விளக்கேற்றும் விழாவில் சொல்வீர்களே, நைட்டிங்கேல் உறுதிமொழி, அதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. அதில் மருத்துவருக்கு விசுவாசமாக உதவுவேன் என்று ஒரு வரி வரும். அனைத்துலகச் செவிலியர் மன்றம் 1953-இல் நெறித் தொகுப்பு கொண்டுவந்தபோதும் அந்த வாடை இருந்தது. 1973-இல் திருத்தியபோது, செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு வேண்டுகிற மனிதரிடம் என்று ஆக்கினார்கள். இது ஏதோ ஆகாயத் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கைப் பாருங்கள். டெல்லியில் டைபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட ஒரு சின்னப் பையன். எழுதிய மருந்து குளோராம்பெனிகால். கொடுக்கப்பட்டது லாரியாகோ, அதாவது குளோரோகுயின், பெரியவர்களுக்கான அளவில், நரம்பு வழியாக. பையனின் இதயம் நின்றது, மூளை திரும்பப் பெற முடியாதபடி கெட்டுவிட்டது. ஊசி போட்டவர் பதிவுபெற்ற செவிலியரே இல்லை. டாக்டர் தானே போட வேண்டியதை அவரிடம் விட்டிருந்தார். பையனுக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் தரச் சொன்ன உத்தரவை 1998-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த ஆம்பியூலை உடைக்கும் முன் யாராவது ஒருவர் அதிலிருந்த பெயரையும் கேஸ் ஷீட்டிலிருந்த பெயரையும் சேர்த்து வாசித்திருந்தால் போதும்.

அந்த ‘சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு’ பட்டியலை ஒப்பிக்கத் தெரிகிறது, சரி. கையில் எங்கே தப்பு நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் நம் நாட்டில் இரண்டு அடர்த்தியில் வருகிறது, மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40-ஆம் நம்பர் சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் என்றால் அரை மில்லி. அதில் 100-ஆம் நம்பர் இன்சுலினை எடுத்துவிட்டால் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. வீட்டிலிருந்து கொண்டுவரும் இன்சுலினில் இந்த விபத்து அதிகம். இன்சுலின் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், இன்னொரு ஸ்டாஃபிடம் காட்டிச் சரிபாருங்கள். பொட்டாசியம் குளோரைடு இன்னும் மோசம். ஆம்பியூல் பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரி இருக்கும். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் அங்கேயே நின்றுவிடும். டிரிப்பில் கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாகத்தான் போக வேண்டும். “சீக்கிரம் தள்ளும்மா” என்று யார் சொன்னாலும் கை ஓடக்கூடாது.

போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டே திருப்பிச் சொல்லுங்கள், பதினைந்தா ஐம்பதா என்று இலக்கம் இலக்கமாக. இன்னொரு ஸ்டாஃபும் கேட்கட்டும். டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நீங்கள் மாணவி, போனில் ஆர்டர் எடுக்கவே கூடாது. செவிலியராகப் பதிவு கிடைக்கும்வரை எதைச் செய்தாலும் ஸ்டாஃபோ டியூட்டரோ பக்கத்தில் இருக்க வேண்டும், உங்கள் குறிப்புக்குக் கீழே அவர்கள் கையெழுத்து வேண்டும். “தெரியாது சிஸ்டர், நான் இதுவரை செய்ததில்லை” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். மாணவி என்பதால் சட்டம் கண்டுகொள்ளாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் பயப்படுகிற அந்தச் சட்டம் இதுதான். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றார்கள், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடங்களைத் தவிர. பெரும்பாலும் இழப்பீடு ஆஸ்பத்திரி தலையில்தான் விழும். கிரிமினல் வழக்கு வேறு. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணப் பிசகு போதாது, அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்றார்கள். ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை, பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததென்றால் 2 ஆண்டு வரை. யார் பதிவுபெற்ற மருத்துவர்? மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் என்று அங்கேயே விளக்கம் போட்டிருக்கிறார்கள். நம் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. பழைய சட்டத்தில் எல்லோருக்கும் 2 ஆண்டு என்றிருந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நமக்காகப் பேச வேண்டியவர்கள் இதில் போதுமான அளவு சத்தம் போடவில்லை என்றும் நினைக்கிறேன்.

நம் வயல்காட்டுப் பக்கம் அதிகம் வருவது பாம்புக்கடி, அதனால் கொஞ்சம் விரிவாக. 20 நிமிட இரத்த உறைவுப் பரிசோதனைக்கு லேப் வேண்டாம். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி ட்யூபில் 2 மில்லி இரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரி இரத்தத்தைக் கெடுக்கும் பாம்பின் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் ட்யூபும் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபும் கூடாது, முடிவு தப்பாக வரும். இடையில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்ப்பவர்களை நான் திட்டியிருக்கிறேன். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கட்டுவிரியனுக்கு இது உதவாது. தரையில் படுத்திருந்தவர், கடிவாய் தெரியாது, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றும் முன் அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். தடிப்பும் மூச்சிரைப்பும் வந்தால் பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில்.

பாம்புக்கடி, விபத்து, விஷம், தீக்காயம் எல்லாம் எம்.எல்.சி., அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ். போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கக்கூடாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உயிர்தான் முதலில் என்று சொல்லிவிட்டது. வந்த நேரம், கொண்டுவந்தவர் சொன்னது, உடம்பில் கண்டது என்று பிரித்து எழுதுங்கள். பாம்பு கடித்து இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள வனத்துறை இழப்பீடு தருகிறது. நேரமும் அறிகுறியும் ஒழுங்காக எழுதாத கேஸ் ஷீட்டால் அந்தக் குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலையும்.

வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஊர். மருதை அக்கா மருமகள் எதற்கு அட்மிட் என்று பஸ்ஸிலேயே கேட்பார்கள். சொந்த அம்மாவிடமும் சொல்லாதீர்கள். வார்டில் செல்ஃபி வேண்டாம், பின்னால் ஒரு கட்டிலும் ஒரு முகமும் விழுந்திருக்கும். எச்.ஐ.வி. விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிட 2017-ஆம் வருடச் சட்டம் தடை போடுகிறது. கட்டிலில் சிவப்பு மையில் குறி வைப்பது, கேஸ் ஷீட் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதுவது எல்லாம் அதற்குள் வரும். எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை, எந்த ஊசிக்கும் திரும்ப மூடி போடாமல் இருப்பது, இதுதான் உங்களைக் காக்கும். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டு விழுமே என்று மறைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தந்தே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை. “கல்யாணம் ஆயிடுச்சுங்க” என்று பெரியவர்கள் தாலியைக் காட்டுவார்கள். அது காரணம் ஆகாது. டியூட்டி டாக்டரிடம் சொல்லி, சொன்ன நேரத்தை எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் விசாரணை நடத்தாதீர்கள், திட்டாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பாலக்காட்டில் படித்துக் கோயம்புத்தூரில் வேலை என்றால் கேரள நர்சிங் கவுன்சில் பதிவு மட்டும் போதாது, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். குப்பை வாளியில் பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள், டிரிப் ட்யூபும் கையுறையும் சிவப்பு, ஊசி வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம். அடிக்க வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிச் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். 2023 மே 10-ஆம் தேதி கொட்டாரக்கரையில் டாக்டர் வந்தனா தாஸ் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கும் தன் 2012-ஆம் வருடச் சட்டத்தைக் கேரளம் கடுமையாக்கியது. நர்சிங் மாணவிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

தொழில் நெறி வகுப்பில் அருணா ஷான்பாக் பெயர் கருணைக்கொலைத் தீர்ப்புக்காக வரும். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரிச் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு வார்டு பாய் தாக்கியதில் நினைவிழந்தார், 2015 மே 18 அன்று இறந்தார். 2011 தீர்ப்பைப் பரீட்சைக்குப் படியுங்கள். என் மனதில் நிற்பது வேறு. நாற்பது வருடத்துக்கு மேல் படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப்புண் வரவிடாமல், பணிக்கு வந்து ஓய்வு பெற்றுப்போன தலைமுறை தலைமுறையான செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள். நம் வார்டில் நான்கு நாள் படுத்தவருக்கு முதுகு சிவக்கிறது. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்ததாகச் சார்ட்டில் மட்டும் டிக் இருக்கும்.

அந்தக் கள் வாடைக்காரரின் கேஸ் ஷீட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடியற்காலையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டு வேறு எழுதிவிடலாமா என்று சீனியர் சிஸ்டரிடம் கேட்டேன். கிழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது என்றார். எழுதிய வரி படிக்கத் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார், பக்கத்தில் என் கையெழுத்து, தேதி, நேரம். அதற்குக் கீழே, ‘2.10, உடல் வியர்த்திருக்கிறது, சர்க்கரை 38, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காலையில் ரிப்போர்ட் கொடுக்கும்போது, அடித்த வரியையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் என்னையே வாசிக்க வைத்தார்.